மாமனார் எங்கே பிறந்தார்?

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மலேசியாவில், பேராக் மாநிலத்து ஈப்போவில், குடிநுழைவு அலுவலகத்தின் உள்ளறை ஒன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் மனைவி பொய் சொல்கிறாள் என்று ஓர் அதிகாரியிடம் நானே சொன்னேன். அவள் பொய் சொல்லவில்லை. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, நான் லாரி ஓட்டுகிறவன். இருந்தாலும் எழுதுகிறேன். என்னைப் போன்ற ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், படிக்கட்டும்.

நான் இருப்பது ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட். சுண்ணாம்புக்கல் மாவை ஏற்றிக்கொண்டு கிள்ளான் துறைமுகம் வரை போய்த் திரும்புவது என் வேலை. அப்பா, அம்மா இருவரும் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி வீடுகளாக முளைத்தபோது நாங்கள் வெளியே வந்தோம். நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். உள்ளூரில் மூன்று இடத்தில் எனக்குப் பெண் கேட்டார்கள். மூன்று இடத்திலும் லாரிக்காரன் என்று தட்டிக் கழித்தார்கள். ஒரு வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

முப்பத்தெட்டு வயதில் அத்தை ஒருவர் மூலமாகத் தமிழ்நாட்டில், முசிறிப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதில் நாலு நாள் வயிற்றுப்போக்கு. கல்யாண வீட்டில் நான் அதிகம் பார்த்தது கழிப்பறைக் கதவைத்தான். மாமனாரோடு உட்கார்ந்து பத்து வார்த்தை பேசியிருப்பேனா என்பதே சந்தேகம்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அக்கம்பக்கத்தில் "ஊர்க்காரி" என்றார்கள். இங்கே பிறந்த நமக்கு அங்கிருந்து வருகிறவர்கள் என்றாலே ஒரு இளக்காரம் உண்டு. நாமும் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள்தான் என்பது நமக்கு ஞாபகம் வராது. எனக்கும் அந்த இளக்காரம் இருந்தது. அவளுக்கு நான் பெரிய வாழ்க்கை கொடுத்துவிட்டதாக நினைத்தேன். கல் வீடு, கார், துணி துவைக்க மிஷின். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அவள் இங்கே இருப்பதற்கு வருடா வருடம் பாஸ் புதுப்பிக்க வேண்டும். கணவன் கூடப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பப் படிவம் மலாய் மொழியில் இருக்கும். அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் போரம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். நம் ஆள்தான். முதல் வருடம் அவர் என்னைக் கேட்டார், "அண்ணே, மாமனாருக்கு என்ன வேலை?"

"ஊருல என்ன வேலை இருக்கும்? விவசாயம்னு போடு லா."

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

"நம்ம மூணாம் படிவம் மாதிரி போட்டுக்க."

அவள் பக்கத்தில்தான் நின்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்தப் போடு, வெயில் ஏறுது" என்றேன். போட்டாள். அடுத்தடுத்த வருடங்களில் அந்த ஆள் பழைய படிவத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாவது முறை புதுப்பிக்கப் போனபோதுதான் கூப்பிட்டார்கள். போலிக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்களாம். அதனால் சில தம்பதிகளைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பார்களாம். பாஸ் முடிய நாலு நாள்தான் இருந்தது. கிடைக்காவிட்டால் அவள் நாட்டை விட்டுப் போக வேண்டும். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. வயது வித்தியாசமோ பன்னிரண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் எனக்குப் பயமே இல்லை. என் பெண்டாட்டி என் பெண்டாட்டிதானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று போனேன்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, ஐம்பது வயதைத் தாண்டியவர். நல்ல மரியாதையாகத்தான் பேசினார், நானும் அம்மா என்பதற்கு மலாயில் சொல்கிற 'புவான்' போட்டே பேசினேன். எல்லாம் மலாயில்தான். மனைவி எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்றார், சொன்னேன். என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்றார். எது இருந்தாலும் சாப்பிடுவாள் என்றேன். மாமனார் என்ன தொழில் என்றார். விவசாயம். என்ன பயிர்? நெல்லாக இருக்கும் என்றேன். "இருக்குமா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். படிப்பு, கல்யாணத்துக்கு முன்னால் என்ன செய்தார், எல்லாவற்றுக்கும் படிவத்தில் இருந்ததையே சொன்னேன்.

கடைசியாக, "உங்கள் மனைவிக்கு இங்கே என்ன செய்ய ஆசை?" என்றார்.

நான் சிரித்தேன். "அவளுக்கு என்ன குறை புவான்? வீடு இருக்கு, மிஷின் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு மலாய் அரைகுறை என்பதால், அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண்ணும் கூடப் போனார். பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். இருபது ஆனது. நாற்பது ஆனது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் முதல் தடவையாகக் கதவையே பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தத் தமிழ்ப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, உள்ள வாங்க. கொஞ்சம் பிரச்சினை."

உள்ளே மேசையில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அதிகாரி சொன்னார், "நீங்கள் சொன்னதும் படிவமும் ஒத்துப்போகிறது. உங்கள் மனைவி சொன்னது எதுவும் ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்கு மோட்டார் ரிப்பேர் தொழில் என்கிறார். இரத்தப் பரிசோதனை லேப் வேலைக்கு டிப்ளோமா படித்தேன், இரண்டு வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்தேன் என்கிறார். அப்பா பிறந்தது பேராக்கில் என்கிறார்."

எனக்குக் கடைசி வார்த்தைதான் காதில் விழுந்தது. பேராக்கா? இங்கே பிறந்தவர் என்று சொன்னால் பாஸ் சுலபமாகக் கிடைக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"பொய் புவான். அவ பயத்துல ஏதோ உளர்றா. அவங்கப்பா இந்தியாக்காரரு" என்று மலாயில் கத்தினேன்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "உங்கள் மனைவி என்னிடம் பொய் சொன்னார் என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

அந்தத் தமிழ்ப் பெண் குனிந்து, மெதுவாகத் தமிழில் சொன்னார், "அண்ணே, யோசிச்சுப் பேசுங்க. எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது."

மனைவி பக்கம் திரும்பி, "என்னடி சொல்லி வச்சிருக்க உள்ள?" என்றேன்.

மூன்று வருடத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். நீங்க என்ன சொல்லி வச்சிருக்கீங்க? எங்கப்பா நெல்லு வெதைச்சத நீங்க பார்த்தீங்களா? எங்களுக்கு ஒரு காணி நிலம் இருக்கா?"

"நீ எப்ப சொன்ன?"

"எப்பவா? கோலா கங்சார் கல்யாணத்துக்குப் போனோமே, அப்பச் சொன்னேன். எங்கப்பா பொறந்த தோட்டம் இந்தப் பக்கந்தான், காரை ஓரங்கட்டுங்க, ஒரு போட்டோ எடுத்து அனுப்பறேன்னேன். 'அங்க என்ன இருக்கு, செம்பனை மரந்தான் இருக்கு, சும்மா வா'ன்னீங்க. ரேடியோவ சத்தமா வச்சீங்க."

"அது..."

"கல்யாணத்தன்னைக்கு எங்கப்பா உங்ககிட்ட வந்து 'சுடா மாக்கான்?'னு கேட்டாரா இல்லையா? சாப்டாச்சான்னு மலாயில எவன் கேப்பான் முசிறியில? எங்க கத்துக்கிட்டாருன்னு நெனச்சீங்க?"

உண்மையிலேயே கேட்டார். வயிற்று வலியில் சுருண்டு கிடந்தவனிடம் வந்து கேட்டார். மலேசியா மாப்பிள்ளை என்பதால் எங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வந்த வார்த்தை என்று நினைத்துச் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

சண்டை முழுக்கத் தமிழில் நடந்துகொண்டிருந்தது. நடுவில் தன் மொழி கேட்டதும் அதிகாரி நிமிர்ந்தார். என்ன பேசுகிறார்கள் என்று அந்தத் தமிழ்ப் பெண்ணைக் கேட்டார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னார். ரேடியோ வைத்ததைக்கூட விடவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

அதிகாரி எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார், "போலிக் கல்யாணக்காரர்கள் இங்கே கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். இப்படிச் சண்டை போட மாட்டார்கள்."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. இன்னொரு தாளை எடுத்தார். என்னைப் பற்றி அவள் சொன்ன பதில்கள். என் அம்மா பெயர், நான் பிறந்த தோட்டம், பள்ளியை விட்ட வருடம், சர்க்கரைக்கு எந்த மாத்திரை எத்தனை வேளை, எந்தக் கிழமை எந்த ஊருக்கு லோடு போகும், எல்லாம் இருந்தது. என்னிடமே கேட்டிருந்தால் மாத்திரையின் பெயரை நான் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"இவருக்கு உங்களைத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு இவரைத் தெரியவில்லை. உங்கள் பதிலை மட்டும் வைத்து முடிவு செய்வதென்றால் நான் நிராகரிப்பேன்" என்றார்.

படிவத்தில் தவறான தகவல் கொடுத்தது தவறுதான் என்றும் சொன்னார். இரண்டு வாரத்துக்குத் தற்காலிக அனுமதி தந்தார். அதற்குள் அவளுடைய சான்றிதழ்களும் மாமனாரின் பிறப்புப் பத்திரமும் வர வேண்டும். சரியான விவரங்களைச் சத்தியப் பிரமாணக் கடிதமாகக் கொண்டுவர வேண்டும். "கடைக்காரர் எழுதக் கூடாது, நீங்களே கேட்டு எழுதுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அவள் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தாள், குழம்பு வைத்தாள், பக்கத்து அறையில் போய்ப் படுத்தாள். மூன்றாம் நாள் நான் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சமையற்கட்டில் போய் நின்றேன்.

"என்ன எழுதணும்?" என்றேன்.

"ஒண்ணும் எழுத வேணாம். பாஸ் முடிஞ்சதும் நான் ஊருக்குப் போறேன்."

"கோவத்துல பேசாத லா."

"கோவமில்ல. பொய் சொல்றவகூட எதுக்கு இருக்கணும் நீங்க? அதுவும் ஊர்க்காரி."

அந்த வார்த்தை அவள் காதில் விழுந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை என் பயமெல்லாம் அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ என்பதுதான். இப்போது அவள் என்ன சொல்வாளோ என்று ஆகிவிட்டது. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அப்பா யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. தாளையும் பேனாவையும் அங்கேயே வைத்துவிட்டு லோடு எடுக்கப் போய்விட்டேன். துறைமுகத்தில் ஆறு மணி நேரம் வரிசையில் கிடந்தேன். அன்றைக்கு முழுக்க ரேடியோவைத் தொடவில்லை.

திரும்பி வந்து சொன்னேன், "அந்த ரூம்புல நான் செஞ்சது தப்பு. ஊருக்குப் போறதுன்னா போ, நானே டிக்கெட் போட்டுத் தரேன். ஆனா உங்கப்பாவப் பத்திச் சொல்லிட்டுப் போ. நீ பொய் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அத மாத்தி எழுதணும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொன்னாள், எழுதினேன்.

அவளுடைய தாத்தா கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை கிடையாது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்த காலத்தில், பெர்மிட் கிடைக்காத பல பேர் கப்பல் ஏறினார்கள். அவரும் ஏறினார். அப்போது மாமனாருக்கு எட்டு வயது. போய் இறங்கிய ஊரில் நிலம் கிடையாது, தெரிந்த தொழிலும் கிடையாது. அங்கே பால்மரம் ஏது வெட்டுவதற்கு? "மலாயாக்காரன் வீடு" என்று ஊரே ஒதுக்கிப் பேசியிருக்கிறது. மாமனார் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டு அதிலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்.

அங்கே மலாயாக்காரன் மகள். இங்கே ஊர்க்காரி.

"லாரிக்காரனுக்கு ஏன் சம்மதிச்ச?" என்று கேட்டேன். இது பிரமாணக் கடிதத்துக்குத் தேவையில்லாத கேள்வி.

"பேராக்குன்னு சொன்னதும் எங்கப்பா முகத்தப் பாத்தேன். அப்புறம், கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல கேட்டேன், அங்க நான் லேபுல வேலைக்குப் போலாமான்னு. 'போலாம் போலாம், அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல'ன்னீங்க."

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. லாரி ஓட்டிக்கொண்டே சொல்லியிருப்பேன். அதை நம்பி ஒருத்தி விமானம் ஏறியிருக்கிறாள். வந்த பிறகு இரண்டு தடவை கேட்டாளாம். "நீ வேலைக்குப் போனா யாரு சோறாக்குறது?" என்றேனாம். அதற்கு அப்புறம் அவள் கேட்கவில்லை.

"சரி, உனக்கு என்ன வேணும்? சொல்லு" என்றேன்.

"இதையும் அந்தம்மா சொல்லித்தான் கேக்கறீங்களா?"

அவளே சொன்னாள், "காலையில எட்டு மணிக்கு வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு வெளிய போகணும். சாயங்காலம் அசந்து போய் வரணும். வந்ததும் யாராச்சும் எனக்கு ஒரு டீ போட்டுத் தரணும். அவ்வளவுதான்."

அதையும் எழுதினேன். சத்தியப் பிரமாணம் செய்து வைப்பவர் அந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "இதுவும் இருக்கணுமா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

மாமனார் பிறப்புப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறார். கூரியரில் அனுப்பினார். பிறந்த இடம் பேராக் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. இரண்டு வாரம் முடிவதற்கு முதல் நாள் அலுவலகத்துக்குப் போனோம். அதுவரை அவள் இருப்பதாகவும் சொல்லவில்லை, போவதாகவும் சொல்லவில்லை. அவளுடைய பெட்டி அலமாரி மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அதைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அதே அதிகாரி. எல்லாத் தாள்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். என்னிடம் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் பதில் சொன்னேன். பிறகு என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவளுக்குப் புரியும்படி மெதுவான மலாயில் கேட்டார், "நீங்கள் இங்கே இருக்க விரும்புகிறீர்களா?"

அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். லாரியில் பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் போயிருக்கிறேன். அன்றைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

"முதல்ல ஒரு வருஷம்" என்று அரைகுறை மலாயில் சொன்னாள்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "பாஸும் ஒரு வருடத்துக்குத்தான்" என்று சொல்லி முத்திரையை எடுத்தார்.

நான் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் அவள் வேலை செய்ய அனுமதிக்கு எழுதிப்போட்டோம். அவளுடைய டிப்ளோமாவை இங்கே அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இப்போது ஈப்போவில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில், வருகிற இரத்த மாதிரிகளைப் பதிவு செய்கிற வேலையில் இருக்கிறாள். படித்த வேலை அது இல்லை என்று எரிச்சல்படுகிறாள். அதற்கான பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இப்போதும் சண்டை போடுகிறோம். என் கோபமும் குறையவில்லை, பாதி நேரம் அது என் மேலேயே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பாஸ் புதுப்பித்தாயிற்று. இரண்டு தடவையும் யாரும் எங்களை உள்ளே கூப்பிடவில்லை, எதுவும் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுதான் மனதைக் குடையும்: அந்த வருடமும் அவர்கள் இப்படிக் கேட்காமலேயே முத்திரை குத்திக் கொடுத்திருந்தால், என் வீட்டில் இருக்கிறவள் யார் என்று நான் இன்றுவரைக்கும் கேட்டிருக்கவே மாட்டேன்.